1,860 மின்னஞ்சல், ஒரு புக்கிங்கும் இல்லை: உப்புவெளி விடுதியின் பிழைகளைப் பிரித்துப் பார்ப்போம்

வாடைக்காற்று

திருகோணமலை (திருமலை) உப்புவெளியில் ஆறு அறை உள்ள விடுதி ஒன்று நவம்பர் நடுப்பகுதியில் அனுப்பிய விளம்பர மின்னஞ்சலின் கணக்கை இங்கே போடுகிறேன். விடுதிக்காரரின் சம்மதத்தோடுதான், பெயர் மட்டும் இல்லை. திருமலையில் விடுதி, படகுச் சவாரி, கருவாட்டுக் கடை என்று வைத்திருப்போர் பலரும் இதே வேலையைச் செய்ய யோசிக்கிறார்கள். எங்கே பிழைத்தது என்று தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துச் சொன்னால் நல்லது.

முகவரிகள் 1,860. விருந்தினர் பதிவேட்டில் கையால் எழுதியிருந்தவை 420, புக்கிங் டொட் கொம் வழியாக வந்த பதிவுகளிலிருந்து எடுத்தவை 310, காசு கொடுத்து வாங்கிய பட்டியல் 1,130. இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, ஒரு மின்னஞ்சல் சேவை ஊடாக எல்லாம் ஒரே தடவையில், காலை 9 மணிக்குப் போயிருக்கிறது. உள்ளடக்கம் ஒரேயொரு போஸ்டர் படம். "டிசம்பர் முடியும்வரை 30 சதவீதத் தள்ளுபடி" என்பதுதான் செய்தி.

திரும்பி வந்தவை 398. போய்ச் சேர்ந்ததாகக் காட்டுபவை 1,462. திறந்தவர்கள் 611, லிங்க்கைத் தட்டியவர்கள் 9, விலகியவர்கள் 41, ஸ்பாம் என்று முறையிட்டவர்கள் 17. புக்கிங் பூச்சியம். மறுநாளே அந்தச் சேவை கணக்கை முடக்கிவிட்டது. "611 பேர் திறந்திருக்கிறார்கள், அதனால் விளம்பரம் நல்லது, விலைதான் கூடிப்போச்சு" என்பது விடுதிக்காரரின் முடிவு. அது சரிதானா?

தபால்முத்திரை

சரியில்லை. அந்த 611 ஐ முதலில் ஒதுக்கி வையுங்கள்.

மின்னஞ்சலுக்குள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிப்படம் ஒன்று இருக்கும். அந்தப் படம் இறங்கினால் "திறந்தார்" என்று சேவை எழுதிக்கொள்ளும். 2021 செப்டெம்பரில் ஐபோனின் ஐஓஎஸ் 15 உடன் வந்த தனியுரிமை வசதியை இயக்கியிருந்தால், ஆள் திறக்காவிட்டாலும் அப்பிள் மெயில் படங்களைத் தானே இறக்கி வைத்துவிடும். சில அலுவலக சேர்வர்கள் வைரஸ் பார்ப்பதற்காகவும் படங்களையும் லிங்க்குகளையும் தொட்டுப் பார்க்கும். ஆகவே 611 இல் எத்தனை பேர் மனிதர் என்று யாராலும் சொல்ல முடியாது. 9 தட்டலில் கூட ஒன்றிரண்டு இயந்திரமாக இருக்கலாம்.

பேச வேண்டிய எண்கள் இரண்டு. 1,860 இல் 398 திரும்பியது என்றால் 21.4 சதவீதம். எந்தச் சேவையும் இதைப் பார்த்தவுடன் "இது வாங்கின பட்டியல்" என்று முடிவு கட்டிவிடும், கணக்கு முடங்கியதில் ஆச்சரியமில்லை. மற்றது முறைப்பாடு. 1,462 இல் 17 என்றால் 1.16 சதவீதம். கூகிள் அனுப்புநர்களிடம் கேட்பது 0.1 சதவீதத்துக்குக் கீழே இருங்கள், 0.3 ஐ ஒருநாளும் தொடாதீர்கள் என்று. அதோடு, எந்த ஆள் ஸ்பாம் பொத்தானை அழுத்தினார் என்பதை ஜிமெயில் அனுப்பும் சேவைக்குச் சொல்வதில்லை. யாஹூ, மைக்ரோசொஃப்ட் சொல்லும். அதாவது அந்த 17 இல் ஜிமெயில் ஆட்கள் அடங்கவேயில்லை. உண்மைத் தொகை இதைவிடப் பெரிது.

திரும்பிய 398 இன் அறிக்கையைத் தரவிறக்கி, குறியீட்டை வைத்துப் பிரித்துப் பாருங்கள். 550 5.1.1 என்றால் அப்படி ஒரு ஆளே இல்லை, உடனே அழிக்க வேண்டியது. 4 இல் தொடங்கினால் தற்காலிகம், பெட்டி நிரம்பியிருக்கும் அல்லது சேர்வர் பிறகு வா என்கிறது. 5.7.26 என்று ஜிமெயில் திருப்பியிருந்தால் முகவரி நல்லது, உங்கள் அடையாளம்தான் பிழை. மூன்றையும் ஒரே கூடையில் போட்டு அழித்தால் நல்ல முகவரிகளும் சேர்ந்து போய்விடும்.

கிழக்குச்சீசன்

தொழில்நுட்பம் எல்லாம் சரியாக இருந்திருந்தாலும் இது விற்றிருக்காது. ஆட்கள் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் ஏன் வருகிறார்கள்? கடலுக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கடல் தட்டையாகக் கிடக்கும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்கு வள்ளம் ஓடும், திமிங்கிலம் பார்க்கப் போகலாம். நவம்பரில் வடகிழக்கு வாடைக்காற்று விழுந்து கடல் கொந்தளிக்கும், மழை கொட்டும். ஆடியில் புறாமலைக்குப் போய்ப் பவளப்பாறைக்கு மேல் நீந்திவிட்டுப் போன ஜெர்மன்காரருக்கு, அந்தக் கடல் இல்லாத மாதத்தை 30 வீதம் குறைத்துத் தருகிறோம் என்று எழுதினால் அவர் என்ன செய்வார்? விலை அவருடைய தடையே இல்லை.

அதே நவம்பர் மின்னஞ்சல் அடுத்த ஜூலையை விற்றிருந்தால் கதை வேறு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பம் கோடை விடுமுறைக்கு விமானச் சீட்டு எடுப்பது பெரும்பாலும் தை முதல் சித்திரைக்குள். அந்த முடிவு எடுக்கப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் கடிதம் போய் நிற்க வேண்டும். யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழா 25 நாள், அதற்கென்றே ஊருக்கு வரும் நம்மவர்கள் அதற்கு முன்னமோ பின்னமோ இங்கே கோணேசர் கோயிலுக்கு வருவார்கள். தேதி வெளிவந்ததும் அவர்களுக்கு எழுதலாம்.

பட்டியல்_அக்கா

கிழக்குச்சீசன் அண்ணை சொன்னதில் ஒரு திருத்தம். டிசம்பரிலும் ஆள் வரும். நத்தார் விடுமுறைக்கு லண்டன், கனடாக் குடும்பங்கள் வரும், திருவெம்பாவைக்குக் கோயிலுக்கு வரும், கொழும்புக் குடும்பங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்க வரும். கடலை நம்பாமல் விற்கக்கூடிய கூட்டம் இருக்குது. ஆனால் கொழும்புக்காரர் ஒரு கிழமைக்கு முன்னம்தான் யோசிப்பார், அதுவும் வட்ஸ்அப்பில் கேட்பார். அவருக்கு மின்னஞ்சல் வீண். ஆக ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பினதுதான் பிழை, நவம்பர் இல்லை.

இனிப் பட்டியலுக்கு வருவம். உண்மையான சொத்து அந்த 420 மட்டும்தான்.

வாங்கின 1,130 ஐ இப்பவே அழியுங்கோ. "கொஞ்சம் சுத்தப்படுத்திப் பாவிக்கலாமா" எண்டு கேட்க வேண்டாம். அதில் ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை. அத்தோடு, விற்கிற பட்டியல்களில் பொறி முகவரிகளும் கிடக்கும். ஸ்பாம் தடுப்பாளர்கள் இதற்கென்றே உருவாக்கி விட்டவை அவை, எந்த மனிதனும் அவற்றைப் பாவிப்பதில்லை. ஒன்றில் விழுந்தாலே தடைப்பட்டியலில் பெயர் ஏறலாம்.

புக்கிங் டொட் கொம் 310 உம் விருந்தினருடைய சொந்த முகவரி இல்லை. அது தளம் உருவாக்கிக் கொடுக்கும் மாற்று முகவரி. அந்தத் தங்கலைப் பற்றிக் கதைக்கத்தான் தந்தது, விளம்பரத்துக்கு இல்லை. அந்த விருந்தினர் வேணுமெண்டால் வந்து நிற்கும்போது நேரே கேட்டு, சொந்த முகவரி வாங்க வேணும்.

420 இலும் கையெழுத்துப் பிரச்சினை இருக்கும். பதிவேட்டைத் திறந்து வைத்துப் பாருங்கோ. ஜெர்மன்காரர் எழுதும் 1 எங்களுக்கு 7 மாதிரித் தெரியும், அவர் 7 க்கு நடுவில் கோடு போடுவார். ஆங்கில எல் எழுத்தும் ஒன்றும் ஒன்றே. ஆர், என் சேர்ந்து வந்தால் எம் ஆகிவிடும். ஓவும் பூச்சியமும் அப்படியே. ஜெர்மன்காரர் பாவிக்கிற ஜிஎம்எக்ஸ் முகவரி டிஇ இல் முடியுதா நெட் இல் முடியுதா எண்டு கவனிக்காமல் தட்டினால் அது வேறொருவருக்குப் போகும். ஹொட்மெயிலும் அப்படித்தான், கொம் இருக்கு, பிரித்தானிய முடிவும் இருக்கு. சந்தேகமானதை ஊகித்து எழுத வேண்டாம், விட்டுவிடுங்கோ.

இனிமேல் பதிவேட்டுக்குப் பதிலாகப் பழைய டப்லெட் ஒன்றை வரவேற்பு மேசையில் வையுங்கோ. விருந்தினரே தட்டட்டும். கீழே தனியாக ஒரு பெட்டி: "வருடத்தில் இரண்டு மூன்று தடவை சீசன் செய்தியும் அறை விலையும் அனுப்பலாம்." அதில் முன்கூட்டியே சரி போட்டு வைக்கக்கூடாது. பிறகு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்று தானாகப் போகும், அதில் தட்டினவர் மட்டும் பட்டியலில் சேருவார். பிழையாகத் தட்டின முகவரிகளும் அங்கேயே கழிஞ்சு போகும்.

வாடைக்காற்று

அக்கா, சட்டப்படி என்ன நிலை? 420 இல் அரைவாசி வெளிநாட்டவர் என்கிறார் விடுதிக்காரர்.

பட்டியல்_அக்கா

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரச் செய்திகளுக்கென்று தனிப் பகுதியே இருக்குது. சம்மதம் வேணும், செலவில்லாமல் விலக வழி வேணும் எண்டு அது சொல்லுது. 2018 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் அங்கே இருப்பவர்களைக் குறிவைத்து விற்கும் வெளிநாட்டு வியாபாரத்துக்கும் பொருந்தும். நம்மவர் நிறையப் பேர் இருக்கிற கனடாவைக் கட்டாயம் கவனியுங்கோ. 2014 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள அவர்களுடைய சட்டப்படி, உங்களிடம் காசு கொடுத்துத் தங்கினவருக்கு வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எழுதலாம், ஆனால் 2 வருடம் மட்டும். விசாரித்துவிட்டுப் போனவருக்கு 6 மாதம். கடிதத்தின் அடியில் விடுதியின் தபால் முகவரியும் விலகும் வழியும் இருக்க வேணும்.

ஆகவே பதிவேட்டில் திகதியைப் பாருங்கோ. 2 வருடத்துக்கு முந்தின கனடா முகவரிகள் சம்மதம் எழுதியிருந்தால் ஒழிய வெளியே.

எழுத்தாணி

அந்தப் போஸ்டரையும் அனுப்பிய மின்னஞ்சலையும் வாடைக்காற்று எனக்கு அனுப்பியிருந்தார். பார்த்ததை எழுதுகிறேன்.

படம் 3 எம்பிக்கு மேல். மின்னஞ்சலில் எழுத்து என்று ஒன்றுமே இல்லை. படங்களைத் தடுத்து வைத்திருக்கும் அவுட்லுக்கில் அது வெறும் வெள்ளைக் கட்டம், படத்துக்குப் பதில் காட்ட வேண்டிய விவரணமும் கொடுக்கப்படவில்லை. தொலைபேசி எண் படத்துக்குள் இருப்பதால் விரலால் தட்டி அழைக்க முடியாது. போனில் 1,080 புள்ளி அகலப் போஸ்டர் சுருங்கும்போது விலை எழுதிய வரி எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. அறை ஒன்றின் விலை எவ்வளவு என்பதை நான் விரித்து விரித்துத்தான் வாசித்தேன்.

அதைவிடப் பெரியது தலைப்பு வரி. பாமினியில் தட்டிய எழுத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பாமினி யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். "திருகோணமலை" என்று தட்டியது பெறுபவரின் பெட்டியில் ஜே, பி, பெரிய யூ, பெரிய என், எஃப், எச், இஸட் என்று ஆங்கிலக் குப்பையாக நிற்கிறது. தெரியாத அனுப்புநர், வாசிக்க முடியாத தலைப்பு, மூன்று ஆச்சரியக்குறி. ஸ்பாம் என்று அழுத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊர் அச்சகங்களில் பாமினி இன்னும் ஓடுகிறது. போஸ்டர் அடிக்கக் கொடுத்த அதே கோப்பிலிருந்து எழுத்தை வெட்டி ஒட்டும்போதுதான் இது நடக்கிறது. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, போனில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். போனில் தமிழாகத் தெரிந்தால் எல்லா இடத்திலும் தெரியும். மாற்றிய பிறகு கொம்பு, கால், ர வும் ா வும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாக வாசிக்கவும் வேண்டும்.

தலைப்பை 30, 35 எழுத்துக்குள் முடியுங்கள், போன் திரை அதற்கு மேல் வெட்டிவிடும். முழுக் கடிதத்தின் நிரல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அடியை வெட்டி "முழுதும் பார்" என்று ஒரு லிங்க்கை வைத்துவிடும். விலகும் வழி அடியில்தானே இருக்கிறது, அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும் என்பதால் வடிவமைப்பு நிரலை மெலிதாக வையுங்கள்.

தபால்முத்திரை

இப்போது அடையாளம். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு சேவை ஊடாக அனுப்பியதுதான் தொழில்நுட்பத்தில் மூலப்பிழை. பெயர் ஜிமெயில் என்கிறது, வந்த இடம் ஜிமெயில் இல்லை. பெறுபவருடைய சேர்வருக்கு அது பொய்க் கையொப்பம். 2024 பெப்ரவரியிலிருந்து கூகிளும் யாஹூவும் இதில் கடுமையாகிவிட்டன. பெருந்தொகையாக (கூகிள் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000) அனுப்புவோருக்கு, அனுப்புநர் யார் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும், ஒரே தட்டலில் விலகும் வசதியும் கட்டாயம். சிறியவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வேண்டும். 2025 மே முதல் மைக்ரோசொஃப்டும் பெரிய அனுப்புநர்களிடம் மூன்றையும் கேட்கிறது. சிறியவராக இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், அரைநாள் வேலை.

சொந்த டொமைன் (இணையப் பெயர்) ஒன்று வேண்டும். அதன் விவரங்களை வைத்திருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் மூன்று பதிவு. எஸ்பிஎஃப் என்பது இந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சேர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழைய ஹோஸ்டிங் போட்டதற்குப் பக்கத்தில் புதுச் சேவையின் வரியை இரண்டாவதாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். இருக்கும் வரிக்குள்ளேயே புதியதை நுழைக்க வேண்டும், அந்த வரியை வாசிக்கும் சேர்வர் செய்ய வேண்டிய டிஎன்எஸ் தேடல்கள் 10 ஐத் தாண்டக்கூடாது. டிகேஐஎம் என்பது ஒவ்வொரு கடிதத்துக்கும் இடும் கையொப்பம், அதற்கான திறவுகோலைச் சேவையே தரும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: பெயர்ப் பெட்டியில் சேவை தந்த முழுப் பெயரையும் ஒட்டுவார்கள், ஹோஸ்டிங் பக்கம் தானாக டொமைனைப் பின்னால் சேர்த்துவிடும், டொமைன் இரண்டு தடவை வந்து பதிவு எங்கேயோ நிற்கும். மூன்றாவது டிமார்க், மற்ற இரண்டாலும் உங்கள் பெயர் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறும் சேர்வருக்குச் சொல்லும் வரி. முதலில் "நன்" (ஒன்றும் செய்யாதே) என்ற நிலையில், அறிக்கை வந்து சேர ஒரு முகவரியோடு போடுங்கள். இரண்டு மூன்று கிழமை அறிக்கை பார்த்து, உங்கள் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்றால் "குவாரன்டீன்" (ஸ்பாமில் போடு) ஆக்குங்கள்.

சரிபார்க்க ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி "ஷோ ஒரிஜினல்" போங்கள். கணினியில்தான் வரும். மேலே மூன்று வரி இருக்கும், மூன்றிலும் "பாஸ்" என்று பார்த்தவுடன் மூடிவிட வேண்டாம். டிகேஐஎம் வரியில் பாஸுக்குப் பக்கத்தில் எந்த டொமைன் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே சேவையின் டொமைன் இருந்தால் அந்தக் கையொப்பம் அவர்களுடையது, உங்களுடையது இல்லை.

இன்னொன்று மிக முக்கியம். விளம்பரத்தை பிரதான டொமைனிலிருந்து அனுப்ப வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து உபடொமைன் ஒன்றை உருவாக்குங்கள். விளம்பரத்தால் பெயர் கெட்டால், அறை உறுதிக் கடிதங்களும் ஸ்பாமுக்குப் போகத் தொடங்கும். முற்பணம் கட்டிய ஆளுக்கு உறுதி வரவில்லை என்றால் அதுதான் உண்மையான நட்டம்.

நிலாவெளித்தம்பி

ஒரு கேள்வி. 420 இல் கழித்து 250 தான் மிஞ்சும் போல. 250 பேருக்கு இவ்வளவு தேவையா? விடுதிப் பெட்டியிலிருந்தே ஒரு நாளைக்கு 20, 25 என்று கையால் எழுதி அனுப்பினால் என்ன? இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை போகலாம்தானே.

தபால்முத்திரை

தம்பி, 250 க்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி. சிசி யில் போட்டால் ஒருவரின் முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். முகவரிகளை மறைக்கும் பிசிசி யில் ஒரே கடிதத்தைக் கூட்டமாக அனுப்பினாலும் வடிகட்டிக்குச் சந்தேகம் வரும். அடியில் "வேண்டாம் என்றால் பதிலில் ஒரு சொல் எழுதுங்கள்" என்று போட்டு, எழுதியவரை அன்றே நீக்க வேண்டும். 500 என்பது உச்ச வரம்பு, அதைத் தொட முயற்சிக்க வேண்டாம்.

பட்டியல்_அக்கா

எனக்கு அதில் உடன்பாடில்லை. கையால் அனுப்பும்போது யார் விலகினார் எண்ட பதிவு ஒரு கொப்பியில் கிடக்கும். அடுத்த வருடம் வேலைக்கு வரும் பிள்ளைக்கு அது தெரியாது, விலகினவருக்குத் திரும்ப எழுதும். சேவையில் எண்டால் அந்த ஆளைச் சேர்க்கவே விடாது. பிரீவோ எண்ட மின்னஞ்சல் சேவையின் இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 300 போகலாம், 250 க்கு அது காணும்.

தபால்முத்திரை

ஏற்றுக்கொள்கிறேன், ஆள் மாறும் இடத்தில் சேவைதான் சரி. அப்படியானால் முதல் கிழமை கடைசி சீசனில் தங்கிய 30 பேர், அடுத்த கிழமை 60, பிறகு மிச்சம் என்று ஏற்றுங்கள். புது உபடொமைனை யாருக்கும் தெரியாது, முதலில் உங்களை ஞாபகம் உள்ளவர்கள் திறந்து பதில் போடட்டும். இரண்டு தலைப்பு வைத்து எது நல்லது என்று சோதிக்கும் வேலை வேண்டாம். 125 க்கு 125 இல் மூன்று தட்டல் வித்தியாசம் ஒன்றையும் காட்டாது.

நேரமும் பார்க்க வேண்டும். நவம்பரில் திருமலையில் காலை 9 என்றால் லண்டனில் விடியப்புறம் 3.30, டொரன்டோவில் முதல்நாள் இரவு 10.30. நாட்டு வாரியாகப் பிரித்து, லண்டனுக்கு நம் பின்னேரம் 2, டொரன்டோவுக்கு நம் மாலை 7 என்று வையுங்கள்.

எழுத்தாணி

கடிதம் இப்படி இருக்கலாம். தை நடுவில், கனடாக் குடும்பங்களுக்கு:

"வணக்கம் அக்கா. போன ஆடியில் பிள்ளைகளோடு மேல்மாடி அறையில் தங்கினீர்கள். இந்த ஜூலை, ஓகஸ்டுக்கு அறைப் பதிவு தொடங்கிவிட்டது. அதே அறை ஜூலை 10 முதல் 24 வரை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. காலைச் சாப்பாட்டோடு இரவுக்கு இவ்வளவு ரூபா. மாசி முடியும்வரை உங்களுக்காகப் பிடித்து வைக்கலாம், முற்பணம் வேண்டாம். வேண்டும் என்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடுங்கள், அல்லது கீழே வட்ஸ்அப் லிங்க்கைத் தட்டுங்கள்."

விலைக்கு உண்மையான எண், ஒரே ஒரு லிங்க், சிறிய படம் ஒன்று, அதுவும் அவர்கள் தங்கிய அறையின் படம். "பதில் அனுப்ப வேண்டாம்" வகை முகவரியிலிருந்து அனுப்பக்கூடாது. வட்ஸ்அப் லிங்க்கில் எண்ணை 94 இல் தொடங்கி எழுதுங்கள், கூட்டல் குறியும் முன் பூச்சியமும் வேண்டாம். பூச்சியத்தோடு எழுதினால் லிங்க் சரியாகத் திறக்காது. லிங்க்கைச் சுருக்கும் சேவைகளைத் தவிருங்கள், ஸ்பாம்காரர் அதிகம் பாவித்து அவற்றின் பெயர் கெட்டிருக்கிறது.

கிழக்குச்சீசன்

அறையைப் பிடித்து வைப்பதாக எழுதினால் புக்கிங் தளத்திலும் அந்தத் திகதிகளை அன்றே மூடிவிடுங்கள். ஆறு அறைதான் இருக்கிறது, ஒரே அறை இரண்டு பேருக்குப் போனால் திருத்த வழியில்லை.

வாடைக்காற்று

விடுதிக்காரரிடம் காட்டினேன். வாங்கிய பட்டியலும் 310 உம் அழிக்கப்பட்டுவிட்டன. பதிவேட்டில் வாசிக்க முடிந்து, திகதியும் பொருந்தி வந்தவை 236. டொமைன் பதிவுக்குக் கொடுத்தாயிற்று. முடங்கிய கணக்கைத் திறக்கச் சொல்லி அந்தச் சேவைக்கு எழுதலாமா, புதிதாகத் தொடங்கலாமா?

தபால்முத்திரை

முதலில் எழுதுங்கள். வாங்கிய பட்டியலை அழித்துவிட்டோம், மிச்சமுள்ளவர்கள் இன்ன திகதியில் தங்கியவர்கள், இனி உறுதிப்படுத்தியவர்களை மட்டும் சேர்ப்போம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திறக்க மறுத்தால் வேறு சேவைக்குப் போகலாம், ஆனால் அங்கே ஏற்றும் முன் அந்த 41 விலகியவர்களையும், முறையிட்டவர்களில் தெரிந்த 17 பேரையும் தடுப்புப் பட்டியலில் முதலில் போடுங்கள். 236 இல் அவர்களில் யாராவது இருக்கலாம்.